நாடு கடத்தப்பட்டு மீண்டு வந்த சிறுவனுக்கு ஓவிய வகுப்பில் என்ன செய்யலாம்?

தூரிகை (டர்பன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் எங்கள் ஆலய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இலவச ஓவிய வகுப்பு நடத்தி வருகிறேன். காலையில் தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே மேசைகளில் தாளையும் வண்ணத்தையும் பரப்பிவிடுவோம். வருபவர்களில் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். அக்கம்பக்கத்து ஜூலுப் பிள்ளைகளும், காங்கோவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. நான் பள்ளியில் ஓவியம் கற்பித்தவள்; உளவியல் படித்தவள் அல்ல. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சில மாதங்களாக உக்ரைன் நாட்டுச் சிறுவன் ஒருவன் வகுப்புக்கு வருகிறான். அவனுடைய மாமா கப்பல் பொறியாளர். டர்பன் பெண்ணை மணந்து இங்கேயே குடியிருப்பவர். போர் தொடங்கிய பின் தங்கையையும் அவள் மகனையும் தம்மோடு அழைத்துக்கொண்டார். தாய் எனக்குச் சொன்னது இதுதான். அவர்களுடைய ஊர் கெர்சோன் பகுதியில் ரஷ்யப் படைகளின் பிடியில் இருந்தபோது, 2022 இலையுதிர் காலத்தில், கிரைமியாவில் இரண்டு வார விடுமுறை முகாம் என்று சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். குண்டுச் சத்தம் கேட்காத இடத்தில் பிள்ளை கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்து அவரும் அனுப்பினார். இரண்டு வாரம் முடிந்தும் பிள்ளைகள் திரும்பவில்லை. அதற்குள் கெர்சோன் நகரம் உக்ரைன் கைக்கு மீண்டது. நீப்பர் ஆறு போர்முனை ஆயிற்று. பிள்ளை அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம். கடைசியில் அவரே போலந்து, பெலாரஸ், ரஷ்யா என்று சுற்றிக்கொண்டு போய் மகனை மீட்டு வந்திருக்கிறார். முகாமில் நாள்தோறும் காலையில் கொடி ஏற்றி ரஷ்ய நாட்டுப் பண் பாட வைத்தார்களாம். "உன் நாடு இனி இல்லை, உன் அம்மா வரமாட்டாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம்.

வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். தாளைக் கொடுத்தவுடன் மற்றப் பிள்ளைகள் கிறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவன் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "என்ன வரைய வேண்டும்?" என்று கேட்பான். "உனக்குப் பிடித்ததை" என்றால் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, அளவுகோலை வாங்கி ஒரு டாங்கியை வரைவான். சக்கரங்களை எண்ணி எண்ணிப் போடுவான்; ஒன்று கோணினால்கூட தாள் கிழியும்வரை அழிப்பான். அதன் மேல் ரஷ்யக் கொடி இருக்கும். நான் அருகில் போனால் தாளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நிற்பான், இரு கைகளையும் உடலோடு ஒட்ட வைத்துக்கொண்டு. அடுத்த வாரமும் அதே டாங்கிதான்.

அந்த டாங்கியைப் பற்றி அவனிடம் கேட்கலாமா, கூடாதா? கொடியைப் பார்க்கும்போதெல்லாம் தாயின் முகம் மாறிவிடுகிறது. மண்டபத்துக்கு வரும் பெரியவர்கள் சிலரும் "அதை வரைய விடாதீர்கள், வேறு நல்லதாக ஏதாவது சொல்லிக் கொடுங்கள்" என்கிறார்கள். விடலாமா, தடுக்கலாமா? இத்தகைய பிள்ளைகளோடு பழகியவர்களோ இதைப் படித்தவர்களோ இருந்தால் வழி காட்டுங்கள். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

கலைச்சிகிச்சையாளர் (ஜொகன்னஸ்பர்க்) எழுதியது:

தூரிகை அக்காவுக்கு வணக்கம். நம் நாட்டின் சுகாதாரத் தொழிலர் மன்றத்தில் பதிவு செய்த கலைச்சிகிச்சையாளராக, அதாவது ஓவியம் போன்ற கலைகளின் வழியே மனக்காயத்தை ஆற்ற உதவுபவராகப் பணியாற்றுகிறேன். அந்தச் சிறுவனை நான் பார்த்ததில்லை. ஆகவே அவனுக்கு இன்னது இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்கள் எழுதியதை வைத்து, வகுப்பை நடத்துபவர் என்ற நிலையில் நீங்கள் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், அந்தத் தாய் சொன்னது தனியொரு குடும்பத்துக்கு நேர்ந்த விபத்து அல்ல என்பதை மண்டபத்துப் பெரியவர்கள் அறிந்திருப்பது நல்லது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று, கிரைமியாவிலும் ரஷ்யாவிலும் உக்ரைன் பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்த 43 இடங்களை அடையாளம் கண்டு, குறைந்தது 6,000 பிள்ளைகள் அவற்றின் வழியே சென்றதாக அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலான இடங்களில் திட்டமிட்ட அரசியல் போதனை நடந்ததாகவும் அது கூறியது. அடுத்த மாதம், மார்ச் 17 அன்று, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிள்ளைகளைச் சட்டத்துக்குப் புறம்பாக நாடு கடத்திய குற்றச்சாட்டில் ரஷ்ய அதிபர் புதினுக்கும், அந்நாட்டின் குழந்தைகள் உரிமை ஆணையர் லுவோவா பெலோவாவுக்கும் கைது ஆணை பிறப்பித்தது. உக்ரைன் அரசு பெயர் பெயராகப் பதிவு செய்துள்ள எண்ணிக்கை 19,000-க்கும் மேல். திரும்பி வந்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதியினரே.

இத்தகைய பிள்ளைக்கு இரண்டு காயங்கள் உண்டு. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது ஒன்று. மற்றொன்று வெளியே எளிதில் தெரியாது: எதைப் பாட வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எதை நினைக்க வேண்டும் என்பதையெல்லாம் வேறொருவர் முடிவு செய்த இடத்தில் அவன் பல மாதங்கள் வாழ்ந்திருக்கிறான். அங்கே சரியான விடையைச் சொன்னவனுக்கு நிம்மதி; சொல்லாதவனுக்குத் தண்டனை. அதனால்தான் "என்ன வரைய வேண்டும்?" என்று கேட்கிறான், அதனால்தான் எழுந்து நிற்கிறான். உங்களிடமும் ஒரு சரியான விடை இருக்கும் என்று நம்பி, அதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறான். இங்கே சரியான விடை என்று ஒன்று இல்லை என்பதை அவன் உடம்பு நம்பும்வரை அவனுக்கு வேறெதையும் கற்பிக்க வேண்டாம்.

ஆகவே கொடியைத் தடுக்காதீர்கள். தடுத்தால், "இந்த இடத்தில் வேறொரு கொடி வரைய வேண்டும் போலிருக்கிறது" என்று அவன் புரிந்துகொள்வான். உடனே உக்ரைன் கொடியை நீலமும் மஞ்சளுமாக வரைந்தும் காட்டுவான், எல்லாரும் மகிழ்வோம், அவனோ முகாமில் செய்ததையே இங்கும் செய்திருப்பான். அவன் மீளும்போது அந்தக் கொடி தானாகவே மாறலாம், மாறாமலும் போகலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது கொடியை அல்ல. தாளில் எதைப் போடுவது என்று அவனாகத் தெரிவு செய்யும் சிறு சிறு தருணங்களை. அவை முதலில் வண்ணத்தில் தெரியும். இன்று பச்சை எடுத்தான், நேற்று எடுக்கவில்லை என்பது உங்களுக்குச் செய்தி.

டாங்கியைப் பற்றிக் கேட்கலாமா என்றீர்கள். "இது என்ன? ஏன் வரைந்தாய்? அங்கே என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டாம். மீண்டு வந்த பிள்ளைகளை அதிகாரிகள், விசாரணையாளர்கள், செய்தியாளர்கள் எனப் பலரும் கேள்வி கேட்டிருப்பார்கள். உங்கள் மேசை இன்னொரு விசாரணை மேசை ஆகிவிடக் கூடாது. அருகில் அமர்ந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லலாம்: "சக்கரங்கள் எல்லாம் ஒரே அளவில் வந்திருக்கின்றன." அவன் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் அதுவும் சரியே. நின்றுகொண்டு அவன் தலைக்கு மேலிருந்து பார்க்காமல், அவனுக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு, நீங்களும் உங்கள் தாளில் ஏதாவது வரைந்துகொண்டிருங்கள். எழுந்து நிற்கும் பழக்கம் இதனாலேயே மெல்லத் தளர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்தத் துறையின் வேர்களில் ஒன்று இதைப் போன்றதோர் இடத்தில்தான் இருக்கிறது. வைமரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர், 1942 டிசம்பரில் நாஜிகளால் தெரேசின் முகாமுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே பெற்றோரைப் பிரிந்து கூட்டுக் குடியிருப்புகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு, கிடைத்த அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்திலும் பொதிதாள்களிலும் வரையக் கற்றுக்கொடுத்தார். கைக்கு விடுதலை தரும் தாளக் கோடுகள், ஒட்டுப்படம், பழைய ஓவியங்களின் அமைப்பைப் பார்த்து வரைதல் எனப் பலவும் செய்வித்தார். அந்த முகாமில் ஒவ்வொருவரும் ஓர் எண்ணாக இருந்த காலத்தில், ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். 1944 அக்டோபரில் அவர் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் பயின்ற பிள்ளைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெட்டிகளில் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகாவின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் படங்களில் முகாமைவிடப் பூக்களும் வீடுகளும் மேசை மீது வைத்த குவளைகளுமே அதிகம். துயரத்தை வரையச் சொல்லி அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அவரிடம் பிராகாவில் பயின்ற எடித் கிராமர் பின்னர் அமெரிக்கா சென்று கலைச்சிகிச்சைத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அவர் "மூன்றாம் கை" என்று ஒன்றைச் சொல்வார். பிள்ளை கேட்கும் உதவியைச் செய்ய வேண்டும். ஆனால் அந்த உதவி அவன் கருத்தையும் அவன் கோட்டையும் மாற்றிவிடக் கூடாது. அழித்து அழித்துத் தாள் கிழிகிறதென்றால் தடித்த தாளைக் கொடுங்கள். சக்கரத்தை நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தேவையான சிகிச்சை அறிவு முக்கால்வாசி இதில் அடங்கிவிடும்.

அதே டாங்கி வாரந்தோறும் வருவதைப் பற்றி ஒன்று. 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைத்த வண்டியில் அடைக்கப்பட்டு, பிறகு தப்பினார்கள். அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர், அத்தகைய பிள்ளைகள் நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவதையும், அந்த விளையாட்டு அவர்களுக்கு ஆறுதல் தராமலே சுழல்வதையும் பதிவு செய்தார். எனவே திரும்ப வருவதா என்பதைவிட, திரும்ப வரும்போது ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். டாங்கியின் அருகில் ஒரு மரம், ஓர் ஆள், ஒரு சாலை வந்தால் அது நகர்கிறது என்று பொருள். எதுவுமே மாறாமல், வரைந்து முடித்தபின் அவன் முன்பைவிடக் கலங்கிப்போனால், வகுப்போடு நிறுத்தாமல் தேர்ந்தவரிடம் அனுப்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

தம்பி ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து எழுதியதை ஊன்றிப் படித்தேன். பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒரு பகுதியை ஏற்க முடியவில்லை.

பொய்யைக் கற்பித்து அனுப்பிய பிள்ளையிடம் உண்மையைச் சொல்லாமல் விடுவது எப்படி நியாயமாகும்? "உன் நாடு இனி இல்லை" என்று ஒருவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். நாடு இருக்கிறது, அவன் தாய் எல்லை எல்லையாகத் தாண்டி அவனைத் தேடி வந்தாள். இதை யார் அவனுக்குச் சொல்வது? பெரியவர்கள் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தையும் பிள்ளை ஒரு விடையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பொருளில் எனக்கு அக்கறை இருப்பதற்குக் காரணம் உண்டு. 1961இல் இந்த நாடு குடியரசானபோது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறு கொடிகளும் பதக்கங்களும் கொடுத்தார்கள். வாக்குரிமை இல்லாதவர்களின் பிள்ளைகள் கையிலும் அவை வந்தன. நாங்கள் வாங்கி ஆட்டினோம். வீட்டில் என் தகப்பனார் அதைப் பிடுங்கி எறியவில்லை. இந்தக் கொடியின் கீழ் நமக்கு எது உண்டு, எது இல்லை என்பதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைதியாகச் சொன்னார். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழு வாழிடச் சட்டத்தால் எங்கள் உறவினர்கள் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட காலம் அது. அன்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால், பாடப்புத்தகம் சொன்னதையே நான் நெடுங்காலம் நம்பியிருப்பேன். எங்கள் நிலையும் அந்தச் சிறுவனின் நிலையும் ஒன்றல்ல. நாங்கள் பெற்றோரோடு இருந்தோம். அந்த வேறுபாடு மிகப் பெரியது. இருந்தாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் பெரியவர் ஒருவர் பிள்ளைக்கு வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இன்னொன்று. இது தொலைதூரத்துச் செய்தி என்று மண்டபத்தில் யாரும் ஒதுக்க வேண்டாம். தம்பி குறிப்பிட்ட அந்தக் கைது ஆணை இருந்ததால்தான் 2023 ஆகஸ்டில் ஜொகன்னஸ்பர்க்கில் நடந்த பிரிக்ஸ் மாநாட்டுக்குப் புதின் நேரில் வராமல் காணொளி வழியாகக் கலந்துகொண்டார். அந்த ஆணையைப் பிறப்பித்த நீதிமன்றத்தை நிறுவிய ரோம் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட நாடு என்ற முறையில் அவரைக் கைது செய்யும் கடமை நமக்கு இருந்தது. அதே ஆண்டு ஜூனில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் அமைதிக் குழுவாகக் கீவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் சென்றபோது, நம் அதிபர் ராமபோசா முன்வைத்த அம்சங்களில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதும் ஒன்று. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இன்று டர்பனில் நம் மேசையில் உட்கார்ந்திருக்கிறான்.

கலைச்சிகிச்சையாளர் (ஜொகன்னஸ்பர்க்) எழுதியது:

ஐயா, உங்கள் தகப்பனார் செய்தது முற்றிலும் சரி. அவர் யார், எங்கே, எப்போது சொன்னார் என்பதைப் பாருங்கள்: சொந்தத் தகப்பன், சொந்த வீட்டில், அச்சமற்ற நேரத்தில். இந்தச் சிறுவனுக்கும் அது வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் அவன் தாய். "உனக்காக நான் வந்தேன், வந்த வழி இது" என்று அவர் ஒரு நிலப்படத்தில் விரலால் காட்டிச் சொன்னால், "அம்மா வரமாட்டாள்" என்ற பொய்க்கு அதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. அவன் நேராகக் கேட்டால், யாராக இருந்தாலும் சுருக்கமாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை. கேட்காத பிள்ளைக்கு ஓவிய மேசையில் வைத்து நாட்டுப்பற்றுப் பாடம் நடத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன். முகாமில் அவனுக்குக் கற்பித்தவர்களும் தாம் உண்மையைத்தான் சொல்கிறோம் என்றார்கள்.

தூரிகை (டர்பன்) எழுதியது:

இருவருக்கும் மிகுந்த நன்றி. நீங்கள் இருவரும் எழுதியதைத் தாயிடமும் காட்டினேன். நிலப்படம் பற்றிய யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது.

பக்கவாட்டில் நாற்காலி போட்டு அமர்ந்ததும் ஒரு மாற்றம் தெரிந்தது. என் தாளில் நான் புள்ளிகள் வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் தன் டாங்கியை விட்டுவிட்டு என் கையையே பார்த்தான். பிறகு அளவுகோலால் தன் தாளில் புள்ளிகளை வைத்தான். இடைவெளி மிகச் சரியாக இருந்தது. கோட்டை மட்டும் வளைக்க அவனுக்கு வரவில்லை. பக்கத்திலிருந்த சிறுமி "கையைத் தூக்காமல் போடு" என்றாள். அவன் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கையால் போட்டான். கோடு இரண்டு இடங்களில் தப்பியது, அவன் அழிக்கவில்லை.

முன்பு எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். வறுமைப்பட்ட மாணவர்களுக்கான நிதி திரட்ட எங்கள் சங்கம் ஒரு கலைவிழா நடத்தவிருக்கிறது. அதில் இந்தச் சிறுவனின் டாங்கிப் படங்களைச் சட்டமிட்டு, அவனுடைய கதையை ஒரு பலகையில் எழுதி, நிழற்படத்தோடு காட்சிக்கு வைக்க வேண்டும் என்று செயற்குழுவினர் விரும்புகிறார்கள். நல்ல எண்ணம்தான்; நன்கொடையும் கிடைக்கும். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. காரணத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பு வாசகி (கேப் டவுன்) எழுதியது:

வணக்கம் அக்கா. நான் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவள். பல ஆண்டுகளாகக் கேப் டவுனில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்குப் போகும் வழியிலும் கோவில் திருவிழாவிலும் பிடித்துக்கொண்டு போய்ப் படையில் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. திரும்பி வந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்திருக்கிறேன். அவர்களும் யாராவது பெரியவர் வந்தால் இப்படித்தான் நிமிர்ந்து நிற்பார்கள்.

1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்ற ஒன்று தொடங்கப்பட்டது. பால் ஹோகன் என்ற கனடிய ஓவியரும், இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதை உருவாக்கியவர்கள். போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஒருவரையொருவர் அஞ்சிய தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிவந்தார்கள். வாரம் ஒரு நாள், பல மாதங்கள். சேறு, களிமண், வண்ணம், பாட்டு, நாடகம், கதை, வளர்ப்பு விலங்குகள் எல்லாம் அங்கே இருந்தன. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர் இளைஞர்களே. அவர்களில் பலர் தாமும் போரில் அடிபட்டவர்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுத் தொடங்கும் வழக்கம் அங்கே இல்லை. பிள்ளைகள் கதை கட்டினார்கள். அந்தக் கதையில் வரும் யானைக்கோ முதலைக்கோ நடந்தது மெல்ல மெல்ல அவர்களுக்கு நடந்ததாக ஆயிற்று. சொல்ல வேண்டுமா, எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்தது.

இரண்டு செய்திகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, இந்தச் சிறுவனைத் தனியே பிரித்து வைத்துக் குணப்படுத்த முயல வேண்டாம். காங்கோவிலிருந்து வந்த பிள்ளைகளும் உங்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்களில் சிலர் இவனுக்குக் குறையாததைப் பார்த்திருப்பார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய துணியில் ஒரு கற்பனை ஊரை வரையட்டும். அந்த ஊருக்கு ஆறு எங்கே ஓடும், யார் எங்கே குடியிருப்பார்கள் என்று அவர்களே சண்டையிட்டுத் தீர்மானிக்கட்டும். முகாமில் கட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்ற பிள்ளை, தன் வயதுப் பிள்ளைகளோடு வாதாடக் கற்றுக்கொள்வது பெரிய மீட்சி. மற்றொன்று களிமண். அளவுகோல் களிமண்ணில் பயன்படாது. பிசைந்தது பிடிக்காவிட்டால் உருட்டி மறுபடி தொடங்கலாம். தாளைப் போலக் கிழியாது.

காட்சிக்கு வைப்பதைப் பற்றி என் கருத்து கடுமையானது. எங்கள் ஊருக்குப் போருக்குப் பின்னும் ஆழிப்பேரலைக்குப் பின்னும் எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. பிள்ளைகளிடம் வண்ணப்பென்சிலைக் கொடுத்து "அலையை வரை, குண்டு விழுந்ததை வரை" என்பார்கள். வரைந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எது வரைந்தால் வந்தவர்கள் மகிழ்வார்கள் என்று பிள்ளைகளுக்கு விரைவில் தெரிந்துவிட்டது. அந்தப் படங்கள் எந்தச் சுவரில் தொங்கின என்பது வரைந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்கள் மாணவனுக்கு அது நேர விடாதீர்கள் அக்கா.

கலைச்சிகிச்சையாளர் (ஜொகன்னஸ்பர்க்) எழுதியது:

சகோதரி எழுதியதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. களிமண்ணையும் கூட்டுச் சித்திரத்தையும் நானும் வழிமொழிகிறேன். தூரிகை அக்கா விவரித்த கோலம் என்னை மிகவும் நெகிழ வைத்தது. தப்பிய கோட்டை அழிக்காமல் விட்டான் என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள், தாயிடமும் சொல்லுங்கள். ஆனால் "கோலம் அவனுக்கு மருந்து" என்று முடிவு செய்து அடுத்த வாரம் அவன் முன் புள்ளித்தாளை வைத்துவிடாதீர்கள். அவனாகக் கேட்டால் கொடுங்கள்.

செயற்குழுவிடம் பேச உதவியாக ஒரு செய்தி. பிள்ளைகளின் ஓவியம் உலகத்தின் முன் சாட்சியாக நிற்க வேண்டிய நேரமும் உண்டு. 2007இல் கிழக்குச் சாட் நாட்டு முகாம்களில் இருந்த சூடானின் டார்ஃபூர்ப் பகுதிப் பிள்ளைகள் வரைந்த 500 படங்களை ஒரு மனித உரிமை அமைப்பு திரட்டியது; பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவற்றைப் பின்புலச் சான்றாக ஏற்றுக்கொண்டது. ஊர் எரிவதையும் வானிலிருந்து தாக்கியதையும் அந்தப் பிள்ளைகள் வரைந்திருந்தார்கள். அது நீதிக்காகக் கொடுக்கப்பட்ட சாட்சி. சிகிச்சைக்காக வரைந்த படத்தின் நிலை வேறு. யாரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வரைந்ததை எடுத்து, பெயரும் முகமும் கதையும் ஒட்டி, விழாவில் நிறுத்தினால், அவன் மீண்டும் பிறருடைய நோக்கத்துக்காக மேடையில் நிற்கும் பிள்ளை ஆகிவிடுவான். முகாமிலும் அவனை மேடையேற்றிப் பாட வைத்துப் படம் எடுத்தார்களா என்பதை நாம் அறியோம். அத்தகைய காணொளிகள் பல வெளிவந்திருக்கின்றன.

சட்டமும் உங்கள் பக்கமே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தகவல்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டமோ, தன்னைப் பற்றிய முடிவுகளில் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பங்கேற்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. இதைவிட முக்கியமான நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது: பிடிக்கப்பட்ட பகுதியில் உறவினர்கள் இன்னும் இருந்தால், முகத்தோடு வெளியாகும் கதை அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். இதைச் சொன்னால் செயற்குழு மறுக்காது என்று நம்புகிறேன். நிதிதான் தேவை என்றால், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வரைந்த கூட்டுத் துணியை, யார் எந்தப் பகுதியை வரைந்தார்கள் என்று குறிக்காமல், பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு வையுங்கள். அவனுடைய டாங்கிகள் அவன் பெயர் எழுதிய உறையில், அவன் எப்போது கேட்டாலும் எடுத்துக்கொள்ளும்படி அலமாரியில் இருக்கட்டும். கிழித்துப் போட விரும்பினால், அதற்கும் அவனுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, உங்கள் எல்லையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவது, படுக்கையை நனைப்பது, திடீரென உறைந்துபோவது, தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாயிடம் பேசிக் குழந்தை உளவியலாளரிடமோ பதிவு பெற்ற கலைச்சிகிச்சையாளரிடமோ அனுப்புங்கள். அரசு மருத்துவமனை வழியாகவும் கேட்கலாம். வகுப்பு அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கலாம்.

தூரிகை (டர்பன்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செயற்குழுக் கூட்டத்தில் இந்தக் காரணங்களை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். கூட்டுத் துணி யோசனையையும் முன்வைக்கிறேன். உறைகளை இந்தப் பையனுக்கு மட்டுமன்றி வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்துவிட்டேன். பெயரை அவரவரே எழுதினார்கள். களிமண்ணுக்கு டர்பனில் மொத்த விலைக்குக் கொடுக்கும் மட்பாண்டக் கடை எதுவும் உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள். காய்ந்த பின் சுடத் தேவையில்லாத வகையாக இருந்தால் நல்லது; மண்டபத்தில் சூளை இல்லை.